எழுந்து நிற்க ஐந்து நிமிடம்: வாசகர் கேள்வி – பதில்

நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை உடலை என்ன செய்கிறது, அதற்கு நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு கடிதங்களுக்குத் தொழில்சார் நல மருத்துவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

சென்னை ராஜீவ் காந்தி சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வயது 36. தினமும் காலையில் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரமும், கம்பெனி பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரமும் உட்கார்ந்தேதான் கழிகின்றன. சென்ற மாதம் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ‘பார்டர்’ என்றார்கள். காலை நடை போதாதா?
– வாசகர், சென்னை

காலை நடையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான். ஆனால் அது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன்.

சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதில் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. நாம் நாற்காலியில் அமர்ந்த மறுகணம் அவை ஏறக்குறைய முழு ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு 2 மணி முதல் 5 மணி வரை அசையாமல் இருப்பவருடைய உடலில், சர்க்கரை வந்து சேரும் நேரத்தில் அதை வாங்கிக்கொள்ளும் தசைகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. காலை ஆறு மணிக்கு நடந்த நடை இந்த மூன்று மணி நேரத்தில் ஓரளவுக்குத்தான் துணைநிற்கும்.

இது ஊகம் அன்று. 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உடல் எடை கூடிய 19 பேரை ஓர் இனிப்புப் பானம் குடிக்கச் செய்து ஐந்து மணி நேரம் கவனித்தார்கள். தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட, 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்த நாளில் அவர்களுடைய இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் தெளிவாகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும், பார்டரில் நிற்கும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஆய்வு.

உட்கார்ந்த வேலைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் அழுத்தமாகக் காட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களையும், ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். இதய நோய் நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது என்று 1953-இல் வெளியிட்டார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. ஓட்டுநர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, வேலையில் சேரும்போதே அவர்கள் இடுப்பு பருத்தவர்களாக இருந்தது தெரியவந்தது. வேறுபாடு முழுவதையும் இருக்கையின் தலையில் சுமத்த முடியாது என்பதை அவருடைய குழுவே எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையை நானும் கடைப்பிடிக்க விரும்புகிறேன்: உட்காருவது நஞ்சு அன்று. எழாமல் உட்கார்ந்திருப்பதும், நாளில் வேறு அசைவே இல்லாமல் போவதும்தான் கேடு.

2016-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவோருக்குக் கூடுதலாக இருந்த மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களிடம் காணப்படவில்லை. உங்கள் 45 நிமிடம் அந்த அளவுக்கு வெகுதூரத்தில் இல்லை. அலுவலகத்தில் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிட நடையையும், அரை மணிக்கு ஒரு முறை 2 நிமிட அசைவையும் சேர்த்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வுக் குழுவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நம்மவர்களுக்கு இந்நோய் இளவயதிலேயே, பெரிய தொப்பை இல்லாதபோதும் வருகிறது. பார்டர் நிலையிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உயர்த்தித் தாழ்த்தும் மேசை வாங்கி நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்தால் என்ன?
– வாசகர், பெங்களூரு

வேண்டாம். ஒரு கெடுதலை விட்டு இன்னொரு கெடுதலுக்குப் போவதாகிவிடும். நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு புடைப்பதும் குதிகால் வலியும் இடுப்பு வலியும் வருவதை ஜவுளிக்கடை ஊழியர்களிடம் கண்கூடாகப் பார்க்கிறோம். அலுவலகப் பணியாளர்கள் முதலில் நாளுக்கு 2 மணி நேரம் நிற்கவும் சிறிது நடக்கவும் பழகி, படிப்படியாக அதை 4 மணி நேரமாக உயர்த்தலாம் என்று 2015-இல் ஒரு வல்லுநர் குழு கூறியது. அதையும் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். அத்தகைய மேசை இல்லாதவர்கள் போன் பேசும்போது எழுந்து நின்றாலே ஒரு மணி நேரம் தேறும்.

கோவையில் 80 பேர் வேலை செய்யும் ஒரு சேவை நிறுவனத்தில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். ‘நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது குறித்த பணியிட நலக் கொள்கை’ ஒன்றைத் தயாரிக்குமாறு நிர்வாகம் சொல்லியிருக்கிறது. நல்ல நாற்காலிகள் வாங்கவும், ‘எழுந்து நடங்கள்’ என்று போஸ்டர் ஒட்டவும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். கொள்கையில் வேறு என்ன இடம்பெற வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

கொள்கை எழுத வேண்டும் என்று உங்கள் நிர்வாகம் நினைத்ததே பெரிய விஷயம். அந்த நல்லெண்ணம் போஸ்டரோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நீங்கள் சொல்வது போன்ற அழகான போஸ்டர் அங்கும் சுவரில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஓர் இளம்பெண் தலையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் அவருடைய பெயருக்கு எதிரே மஞ்சள் அடையாளம் விழும். அது டீம் லீடரின் திரையில் தெரியும். மாத இறுதியில் ஊக்கத்தொகையிலும் தெரியும். அவருடைய மேசையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மதியம் ஒரு மணிக்கும் மூடி திறக்கப்படாமல் நிறைந்தபடியே இருந்தது. ஏனம்மா குடிக்கவில்லை என்று கேட்டேன். “குடிச்சா எழுந்து போக வேண்டி வரும் சார்” என்றார். அந்த ஆண்டில் அவருக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. அந்த அலுவலகத்தின் நாற்காலிகள் விலை உயர்ந்தவை.

அவருக்கு இல்லாமல் போனது எழுவதற்கான அனுமதி. ஆகவே உங்கள் கொள்கையின் முதல் பத்தி அந்த அனுமதியைப் பற்றியதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “ஒவ்வொரு பணியாளரும் அரை மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் இருக்கையை விட்டு எழலாம். ஒரு மணி நேரத்தில் 5 நிமிடம் வரை திரையை விட்டு விலகியிருப்பது பணி நேரமாகவே கணக்கிடப்படும். அதன் பொருட்டு ஊதியமோ, பணி மதிப்பீடோ, ஊக்கத்தொகையோ குறைக்கப்படாது.” மூன்றாவது வாக்கியத்தை நிர்வாகம் நீக்கச் சொன்னால் உறுதியாக வாதாடுங்கள். அது இல்லாமல் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மதிப்பில்லை.

இந்தக் கணக்கு நானாக இட்டுக்கட்டியது அன்று. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 20 நிமிடம் இடைவேளை தருவதைவிட ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 நிமிடம் தருவது நல்லது என்று அறிவுறுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் இடைவெளி இன்றி 30 நிமிடத்துக்கு மேல் அமர்வதே நீண்ட அமர்வு எனக் கருதப்பட்டு, வழுக்கும் தரையைப் போல, பழுதான மின்கம்பியைப் போல, வேலை கொடுப்பவர் கவனித்துக் குறைக்க வேண்டிய பணியிட ஆபத்துகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 1990-ஆம் ஆண்டிலேயே, கணினித் திரை முன் செய்யும் வேலை அவ்வப்போது இடைவேளையாலோ வேறு வகை வேலையாலோ துண்டிக்கப்பட வேண்டும் என்ற கடமை வேலை கொடுப்பவர்மீது வைக்கப்பட்டது. கடமை யாருடையது என்பதைக் கவனியுங்கள். “பணியாளர்கள் உடல்நலத்தில் அக்கறை கொள்ள வேண்டும்” என்று தொடங்கும் கொள்கை, சுமையை ஏற்கெனவே களைத்திருப்பவரின் தோளில் இறக்கிவைக்கிறது.

நம் நாட்டிலும் சட்டத்தின் போக்கு அதுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2020, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காத பணிச்சூழலை நடைமுறையில் இயன்றவரை அமைத்துத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது. உட்காரும் நேரத்தைப் பற்றி அதில் தனி விதி இல்லை. ஆனால் தெரிந்த ஒரு கேட்டைத் தெரியாதது போல விட்டுவிட அது யாருக்கும் இடம் தரவில்லை. பாதுகாப்பில் குறை இருந்தால் நிர்வாகத்திடம் முறையிடவும், திருப்தி இல்லையென்றால் அரசு ஆய்வாளரிடம் (இன்ஸ்பெக்டர்) செல்லவும் பணியாளருக்கு அது உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை உங்கள் கொள்கையிலும் ஒரு வரியாக எழுதி, யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, வேலை அடுக்கப்பட்டிருக்கும் முறையைப் பாருங்கள். ஒருவர் காலை முழுவதும் அழைப்புகளையும் மாலை முழுவதும் தரவுப் பதிவையும் செய்கிறார் என்றால், இரண்டையும் மணிக்கணக்கில் மாற்றி மாற்றித் தர முடியுமா? அரை மணிக்குள் முடியும் கூட்டங்களை நின்றபடி நடத்தலாமா? தண்ணீர் இயந்திரமும் பிரிண்டரும் நாற்காலியிலிருந்து கைநீட்டும் தூரத்தில் இருக்கின்றனவா, பத்து அடி எடுத்துவைக்கும் தூரத்திலா? பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்பதையும் இதில் சேர்க்கிறேன். சுத்தமில்லாத கழிப்பறை இருக்கும் இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை, தண்ணீர் குடிக்காதவர்கள் எழுவதில்லை.

நாற்காலி, மேசை எல்லாம் இவற்றுக்குப் பிறகு. பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், குட்டையானவர்களுக்குக் காலடியில் ஒரு பலகை போதும். கீழ் முதுகு சாய்மானத்தில் படிய வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலும், திரை ஒரு கை தூரத்திலும் இருக்க வேண்டும். லேப்டாப்பில் இது இயலாது. அதை உயர்த்தி வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் தருவதற்குச் செலவு குறைவு, பயன் மிக அதிகம். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இதையே தரவேண்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்யும் பிள்ளைகளின் கழுத்து எக்ஸ்ரேக்கள் எனக்குக் கவலை தருகின்றன.

கர்ப்பிணிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பொதுவிதி பொருந்தாது. அவரவருடன் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் ‘எழுந்து நடங்கள்’ என்ற போஸ்டர் எப்படிப் பேசும் என்று நினைத்துப் பாருங்கள். ‘நிலை மாற்றுங்கள்’ என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தும்.

கொள்கை அமலுக்கு வந்து மூன்று மாதத்தில், எத்தனை பேர் உண்மையில் எழுகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். டீம் லீடர்கள் எழுகிறார்களா என்பதைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள் எழாத இடத்தில் மற்றவர்களும் எழமாட்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக 14 வருடமாக இருக்கிறேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் எழுகிறேன். சாய்மானம் இல்லாத ஸ்டூல்தான். பீஸ் ரேட் என்பதால் எழுந்தால் காசு போகிறது. இடுப்பிலிருந்து வலது கால்வரை வலி இழுக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த விதிகளா?
– வாசகி, திருப்பூர்

இல்லை சகோதரி. இந்த விதிகள் யாருக்காவது முதலில் தேவை என்றால் உங்களுக்குத்தான் தேவை.

தையல்காரர்களின் இடுப்பு வலியும் கால் மரத்துப்போவதும், இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலேயே பதிவாகியிருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நோய் இது. இருந்தும் நம் சட்டங்களில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இடுப்பு வலிக்கு இடமில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்றது. உட்கார்ந்தே வேலை செய்பவரின் இருக்கைக்குச் சாய்மானம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. அக்காலத்தில் உட்காருவது ஓய்வாகக் கருதப்பட்டது. உங்கள் ஸ்டூல் ஓய்வு தருவது அன்று.

முதலில் உங்கள் கால்வலி. இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்குகிறது என்றால் முதுகெலும்பின் டிஸ்க் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் இந்த வாரமே மருந்தகத்துக்குச் சென்று எலும்பு மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரை பெறுங்கள். கால் பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கம்பெனியில் கேட்க வேண்டியவற்றைத் தனியாகக் கேட்காமல் உங்கள் லைனில் இருப்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். முழங்கையைத் தடுக்காத, கீழ் முதுகை மட்டும் தாங்கும் குட்டைச் சாய்மானம் உள்ள இருக்கை; உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. பெடலை உங்கள் காலுக்கு நேரே நகர்த்தித் தரச் சொல்லுங்கள், அதை மெக்கானிக் சில நிமிடத்தில் செய்துவிடுவார். பண்டலைத் தரையில் போடாமல் மேசை உயரத்தில் ஒரு பெட்டியில் வைத்தால், ஒவ்வொரு பீஸுக்கும் இடுப்பைத் திருகிக் குனிவது குறையும். முடிந்த பண்டலை ஹெல்பர் வந்து எடுத்துப்போகும் லைன்களில் டெய்லருக்கு எழும் வாய்ப்பே கிடையாது. மணிக்கு ஒரு பண்டலையாவது நீங்களே எழுந்து கொண்டுபோய்க் கொடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

பீஸ் ரேட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை வருத்தியது. இடைவேளையின் செலவைத் தொழிலாளியே தாங்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் எந்த நலக் கொள்கையும் வேலை செய்யாது. காலையிலும் மாலையிலும் மெஷின்கள் எல்லாம் சேர்ந்து நிற்கும் பத்து நிமிடங்களை ரேட் பேசும்போதே சேர்த்துப் பேச வேண்டும். தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகப் பேசுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்த அரை ஷிஃப்டைப் பொறுத்தவரை, மிகைநேர வேலைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், கூலி இரு மடங்கு வேண்டும் என்று புதிய தொகுப்புச் சட்டம் சொல்கிறது. பேசியும் பயன் இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம்.

மதுரையில் ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எத்தனையோ காலம் கேட்டு இப்போதுதான் சட்டம் வந்திருக்கிறது. நீங்களோ உட்காருவது கெடுதல் என்கிறீர்கள். முதலாளி இதைப் படித்தால் ஸ்டூலை எடுத்துவிடுவார்.
– வாசகி, மதுரை

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. அப்படி ஒருவர் செய்யக் கூடாது என்பதற்காகவே இதைத் தெளிவாக எழுதுகிறேன். கேரளத்தில் கடை ஊழியர்களான பெண்கள் போராடிப் பெற்ற இருக்கை உரிமை 2018-இல் சட்டமானது. அதன் பின் 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கியது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நோக்கம். அந்த ஸ்டூல் உங்கள் சட்டபூர்வமான உரிமை. அதை எடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

பத்து மணி நேரம் நிற்கும் உங்களுக்கு உட்கார உரிமை வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் திருப்பூர் சகோதரிக்கு எழ உரிமை வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை என்றே நான் பார்க்கிறேன்: தன் உடல் கேட்கும்போது நிலையை மாற்றிக்கொள்ள, வேலை செய்பவர் பிறரிடம் கையேந்தி நிற்கக் கூடாது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன், வயது 54. மாலையில் இரண்டு பாதமும் வீங்குவது வழக்கம். மூன்று நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருக்கிறது. தைலம் தேய்க்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இரண்டு பாதமும் மாலையில் வீங்கி இரவு படுத்தால் வடிவது, பெரும்பாலும் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் இருப்பதால் வருவது. கெண்டைக்காலை அடிக்கடி அசைத்தாலே குறையும். தொடர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலிப்பது வேறு. ஆழத்தில் உள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்க்கக் கூடாது, அழுத்திப் பிடித்துவிடக் கூடாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரத்தக் குழாயில் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பதால், உடனே 108-ஐ அழையுங்கள்.